கம்பெனியை வாங்கியாச்சு... கான்டீனை என்ன செய்ய?

நான் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிய அன்று எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். அடுத்த வாரம் கான்டீன் ஃபில்டர் காபி போய் மெஷின் வந்தது. மூன்றாவது மாதம் எங்கள் டீலர் கணக்கெல்லாம் அவர்கள் ஃபாரத்துக்கு மாறியது.

எங்கள் சேல்ஸ் சீனியர், 22 வருஷ சர்வீஸ். எந்த டீலர் தீபாவளிக்கு முன்னால் பணம் தருவார், யாரிடம் பொங்கல் கழித்துத்தான் கேட்கணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இதுக்கெல்லாம் இந்த ஃபாரத்துல கட்டமே இல்லையே தம்பி!" என்றார். ஆறே மாதத்தில் வி.ஆர்.எஸ். அவர் பின்னாலேயே பல டீலர்களும் நடையைக் கட்டினார்கள். எங்களை வாங்கியதே அந்த டீலர்களுக்காகத்தான் என்பது இதில் தமாஷ்!

வாங்கியதை எவ்வளவு கலக்கணும், எவ்வளவு விட்டுவைக்கணும் என்று மேலிடத்தில் எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? ஹாஸ்பெஸ்லாக், ஜெமிசன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1991-ல் எழுதிய புத்தகத்தில் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். லாபம் பார்க்க இரண்டு கம்பெனிகளும் எவ்வளவு பின்னிக்கொள்ள வேண்டும்? வாங்கியதன் உயிர், அது தனியாக இருந்தால்தான் தங்குமா? முதலாவதற்கு 'ரொம்ப', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் முழுசாக விழுங்கலாம். ஒரே தெருவில் இரண்டு பாங்க் கிளை எதற்கு? பதில்கள் தலைகீழ் என்றால் கை வைக்கவே கூடாது. இரண்டுக்குமே 'ஆமாம்' என்றால்தான் தலைவலி.

2006-ல் பிக்ஸாரை டிஸ்னி 740 கோடி டாலர் மதிப்பில் வாங்கியபோது இந்தத் தலைவலிதான். வாங்கியது கட்டடத்தை அல்ல, உள்ளே இருந்தவர்களின் மூளையை. ஆகவே பிக்ஸார் பெயர்ப்பலகை, ஈ-மெயில் விலாசம் எதையும் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு வேடிக்கை... டிஸ்னியின் சொந்த அனிமேஷன் ஸ்டூடியோவையே பிக்ஸார்காரர்கள் இருவரிடம் ஒப்படைத்தார்கள். வாங்கின வீட்டுக்கு வாடகைக்காரரே சொந்தக்காரர் மாதிரி!

நம் ஊரில் தம்ஸ் அப்? 1993-ல் அதை பார்லேயிடமிருந்து வாங்கிய கோக், தன் சொந்த பாட்டிலைத்தான் முதலில் முன்னால் தள்ளிப் பார்த்தது. ஜனங்கள் விடவில்லை. 2021-ல் தம்ஸ் அப் விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது.

போன மாதம் மயிலாப்பூர் குளத்தருகே அந்த சீனியரைப் பார்த்தேன்.

"காபி இப்ப எப்படிப்பா இருக்கு?"

"மெஷின் ரிப்பேர் ஸார். வெளியில போய்த்தான் குடிக்கிறோம்."

"எந்தக் கடை?" என்றார், அக்கறையாக.