சிமெண்டுத் தரையில் கறவை மாடு: கட்டுப்படியாகும் விரிப்பு எது?

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் இரண்டு மூன்று கறவை மாடுகள் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் மண்தரைக் கொட்டிலை மாற்றிச் சிமெண்டுத் தரை போட்டுள்ளனர். சாணம் வழிப்பது சுலபம், மூத்திரம் தேங்காது, கறக்கும் இடம் சுத்தமாக இருக்கும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் தரை போட்ட சில மாதங்களிலேயே முன்னங்கால் முட்டி வீங்குவதும், பின்னங்கால் மூட்டில் மயிர் உதிர்ந்து புண்ணாவதும், மாடு நொண்டுவதும் உண்டு. பால் குறைந்துவிட்டது என்று தீவனத்தைக் குறை சொல்லுமுன் தரையைப் பார்ப்பது நல்லது.

கறவைப் பசு ஒரு நாளில் சுமார் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் அசை போடும். படுத்திருக்கும்போது மடிக்குப் பாயும் இரத்தமும் அதிகம். குதிரை நின்றபடியே தூங்க வல்லது; எழும்போதும் முன்னங்காலை முதலில் ஊன்றி எழும். மாடு அப்படியல்ல. படுக்கும்போது முதலில் முன்முட்டிகளை மடித்துத் தரையில் விழும். எழும்போதும் முட்டியில் நின்றுதான் பின்பக்கத்தைத் தூக்கும். முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள கலப்பின மாட்டின் பாரத்தில் பெரும் பங்கு ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு முட்டிகளில் இறங்குகிறது. ஆகவே வலிக்கும் தரையில் அது படுக்கத் தயங்கி நின்றுகொண்டே இருக்கும். நின்றால் குளம்பு கெடும், அசை போடுவது குறையும், பாலும் குறையும்.

தரை சரியா என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மாடு நிற்கும் இடத்தில் மாட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சற்று வேகமாக முழங்காலிட்டு விழுந்து பார்க்க வேண்டும். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். எழுந்தபின் முழங்கால் நனைந்திருந்தால் மடிநோய்க்கும் இடமுண்டு என்று கொள்ளலாம். மாலைத் தீவனம் தின்று இரண்டு மணி நேரம் கழித்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கொட்டிலை எட்டிப் பார்ப்பதும் பயன் தரும். எல்லா மாடுகளும் நின்றுகொண்டிருந்தால் தரையில் கோளாறு.

கைக்கு எட்டும் பொருள்கள்

வைக்கோல் கூளம் மெத்தென்று இருக்கும். ஆனால் தினம் மாற்ற வேண்டும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்போருக்கு, கூளம் கலந்த சாணம் கலனில் மிதந்து ஏடு கட்டித் தொல்லை தரும். பாலாற்றங்கரைத் தென்னந்தோப்புக்காரர்களுக்குத் தென்னைநார்க் கழிவு கிடைக்கும். நன்கு உலர்ந்த கழிவை நான்கு விரற்கடை கனம் பரப்பினால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்ததை மட்டும் அள்ளி எருக்குழியில் போட்டுப் புதியது இடலாம். மழைக்காலத்தில் ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டினால் மட்டும் கெடுதல்தான். வேர்க்கடலைத் தோலைப் பயன்படுத்துவோர் பூஞ்சணம் பிடித்ததை அறவே ஒதுக்க வேண்டும். மாடு அதையும் வாயில் போட்டுக்கொள்ளும்.

பழைய கோணிப்பைகளில் வைக்கோலைத் திணித்துத் தைத்த மெத்தை ஏழைக்கு ஏற்றது. இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றது கொட்டிலில் இருக்கும். ஆற்று மணல் மேல்நாட்டுப் பண்ணைகளில் மிகச் சிறந்த படுக்கையாகக் கருதப்படுகிறது. ஆனால் பாலாற்றுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தபின் இங்கே அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வராது. எம்-சாண்டின் கூர்முனைகள் தோலைச் சிராய்க்கும்.

லாரி டயரை வெட்டி விரிப்பதில் கவனம் வேண்டும். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி நைந்து வெளிவந்து குளம்பில் ஏறும். தீவனத்தோடு வயிற்றுக்குள் போனால் இரைப்பையைத் துளைத்து நெஞ்சுவரை போய் உயிரையே குடிக்கும். கம்பி இல்லாத பழைய கன்வேயர் பெல்ட் கிடைத்தால் வாங்கலாம். வழுக்காமலிருக்க மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிக்கொள்ள வேண்டும்.

தோல் கழிவு வேண்டாம்

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. தோல் பதனிடும் ஆலைகளில் சீவி எறியும் நீல நிறச் சீவலும், தோல் தூளும் மெத்தென்று மரத்தூள் போலவே இருக்கும். அதைக் கொட்டிலில் பரப்பக் கூடாது. அது குரோமியம் ஏறிய தோல். மாடு தின்னும், சாணத்தோடு நிலத்துக்கும் போகும். பாலாற்று வட்டாரத்தில் தோல் கழிவால் நீரும் நிலமும் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்பளித்தது. நாமே அக்கழிவைச் சுமந்து வந்து வயலில் சேர்க்கலாமா? பதனிடாத பச்சைத் தோல் துண்டுகளும், தோல் மண்டிகளில் கூட்டிய உப்பும் அதனினும் மோசம். அடைப்பான் நோய்க் கிருமி தோலோடு வரக்கூடியது. சுண்ணாம்புத் தொட்டியில் வழித்த கழிவில் சோடியம் சல்பைடு கலந்திருக்கும். கொட்டிலுக்குச் சுண்ணாம்பு தூவ விரும்புவோர் கடையில் நல்ல நீற்றுச் சுண்ணாம்பையே வாங்க வேண்டும். அதையும் மடிக்காம்பு படும் இடத்தில் அதிகம் தூவினால் புண்ணாகும்.

காலணித் தொழிற்சாலைகளில் அடிப்பாகம் வெட்டியது போக மிஞ்சும் இ.வி.ஏ. துண்டுகளும் சிலருக்குக் கிடைக்கலாம். இலேசானவை, நனைந்தால் வழுக்கும், ஓரத்தை மாடு கடித்துத் தின்னும். கோணிக்குள் வைத்துத் தைத்து, முன்முட்டி விழும் இடத்தில் மட்டும் போடுவதானால் பயன்படலாம்.

ரப்பர் விரிப்பு வாங்குவோர்

கடையில் கிடைக்கும் ரப்பர் விரிப்பு பெரும்பாலும் ஆறரை அடி நீளம், நான்கு அடி அகலம் இருக்கும். கனம் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வாங்கினால் பணம் வீண். நல்ல விரிப்பை ஒரே ஆள் தூக்குவது கடினம். காற்றில் பறப்பது போல் இலேசாக இருந்தால் யோசிக்க வேண்டும். மூலையை மடித்து விட்டால் வெடிப்பு விடாமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மேற்புறம் சொரசொரப்பாகவும், அடிப்புறம் நீர் ஓட வரிப்பள்ளங்களோடும் இருக்க வேண்டும். அடிப்புறம் வழவழப்பாக இருந்தால் மூத்திரம் உள்ளே தங்கி நாற்றமெடுத்துக் குளம்பை அழுகச் செய்யும்.

தரைச் சரிவு நாற்பது அடிக்கு ஓர் அடியாவது இருந்தால்தான் விரிப்பு பயன்படும். குழி விழுந்த தரையைச் சரி செய்யாமல் மேலே ரப்பர் போடுவது புண்ணை மூடித் துணி கட்டுவது போலத்தான். வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடியில் கழுவிக் காயவிட வேண்டும். தலைப்பக்கம் மட்டும் ஆணி அடித்தால் பின்பக்கத்தைத் தூக்குவது எளிது. கோடையில் கறுப்பு ரப்பர் மேல் வெயில் விழுந்தால் மாடு அதில் படுக்காது. நிழல் இல்லாத கொட்டிலில் ரப்பருக்குச் செலவிடுமுன் ஓலையால் ஒரு சாய்ப்பு இறக்கலாம்.

இடம் உள்ளவர்கள் இத்தனை தொல்லைக்கும் போக வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையைக் கறவைக்கும் தீவனத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மரநிழலில் ஒரு முழம் உயரத்துக்குக் கிராவல் மண் கொட்டித் திமிசு போட்டால், மழையில்லாத இரவெல்லாம் மாடு அங்கேயே படுக்கும். ஆண்டுக்கொரு முறை மேல்மண்ணை வழித்து வயலுக்கு எருவாக அனுப்பிவிட்டுப் புது மண் இடலாம். ஒரே ஒரு விரிப்பு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை நொண்டும் மாட்டுக்கோ, கன்று ஈன இரண்டு வாரம் இருக்கும் மாட்டுக்கோ போட வேண்டும்.