பழைய மோட்டார் காரில் எண்ணெய்க் கசிவு

மும்பையில் கறுப்பு-மஞ்சள் வாடகைக் கார்களாகப் பல்லாண்டுகள் ஓடியவை பிரீமியர் பத்மினி வண்டிகள். அவற்றுள் கடைசியாக 2003இல் பதிவான வண்டி, 20 ஆண்டு வரம்பு நிறைவுற்று 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இத்தகைய பழைய எஞ்சின்களில் எண்ணெய் சிறிது கசிவது அரிதன்று. ஆயினும் அதனைப் புறக்கணித்தல் கூடாது. எண்ணெய் குறைந்தால் பேரிங்குகள் தேயும். சூடான புகைக்குழாயின்மேல் சொட்டினால் தீப்பற்றவும் கூடும்.

இரவில் வண்டியின் கீழ்ச் செய்தித்தாளை விரித்து வைத்தால், காலையில் கசிவின் அளவு புலப்படும். எண்ணெய் கீழ்நோக்கி வழிகின்றது. ஓட்டத்தில் காற்று அதனைப் பின்னே தள்ளுகின்றது. ஆகவே, சொட்டு விழும் இடமே கசிவு தோன்றும் இடம் எனக் கொள்ளலாகாது. குளிர்ந்த எஞ்சினை நன்கு துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஈரம் காணும் மிக உயர்ந்த இடத்தைத் தேடுதல் வேண்டும்.

பெரும்பாலும் அது வால்வுகளின் மேலுள்ள மூடியின் விளிம்பாகும். அங்குள்ள தக்கைக் கேஸ்கட் நாளடைவில் வெப்பத்தால் இறுகிச் சுருங்குகின்றது. திருகாணிகளை மிகுதியாக முடுக்கினாலோ தகட்டு மூடி வளைந்து கசிவு பெருகும். மூடியைக் கழற்றி, துகள் உள்ளே விழாவண்ணம் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி நீக்கி, விளிம்பின் கோணலைச் சரிசெய்து, புதியதைப் பொருத்திச் சீராக முடுக்குதலே முறை.

அதன்பின்னும் கசிந்தால், எஞ்சினின் ப்ரீதர் குழாய் அடைபட்டுள்ளதா எனக் காண்க. உள்ளே வாயுவின் அழுத்தம் ஏறினால், புதிய கேஸ்கட்டும் எண்ணெயைத் தடுத்து நிறுத்த இயலாது. கசிவு முற்றிலும் நிற்கும்வரை, எண்ணெய் மட்டத்தை அளவுக் கம்பியால் அடிக்கடி சோதித்தல் வேண்டும்.