பத்திரமும் கட்டடமும்

வீடு வாங்கப் புகும் நம்மவர் முதலில் மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுக்கிறார். பட்டாவையும் வரி ரசீதையும் சேகரித்துக்கொண்டு வக்கீலிடம் போகிறார். வாசல் எத்திசை நோக்குகிறதென்று சாஸ்திரம் அறிந்தவரையும் விசாரிக்கிறார். இவை யாவும் முடிந்ததும் முன்பணம் கைமாறிவிடுகிறது. தாமும் தம் மனைவி மக்களும் எந்தத் தூண்களை நம்பி உறங்கப் போகிறார்களோ, அந்தத் தூண்களை ஓர் எஞ்சினீயரைக் கொண்டு பார்க்கச் செய்யவேண்டுமென்ற எண்ணம் வெகு சிலருக்கே உதிக்கிறது. காகிதத்திற்குக் காட்டும் ஜாக்கிரதையில் பாதியைக்கூட நாம் கட்டடத்திற்குக் காட்டுவதில்லை.

இந்த அசிரத்தை உயிரைக் குடிக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடமொன்று மழை பெய்துகொண்டிருந்த மாலை வேளையில் சரிந்து தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தூர ஊர்களிலிருந்து கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளிகள். அதன் அருகே நின்ற மற்றொரு கட்டடத்தையும் 2016-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது. இவ்வளவுக்கும் அக்கட்டடங்களுக்கு முறைப்படி திட்ட அனுமதி இருந்தது. முத்திரை குத்திய காகிதம் இருந்தும் தூண் நிற்கவில்லை!

இது எப்படி நேரும் என்று நேயர்கள் கேட்கலாம். திட்ட அனுமதி என்பது மனை அளவு, சாலை அகலம், உயரம், சுற்றிலும் விடவேண்டிய இடம் முதலியவை விதிக்கு இணங்கியுள்ளன என்பதற்கான சம்மதமேயன்றி, கட்டடத்தின் உறுதிக்குச் சர்க்கார் ஏற்கும் ஜாமீன் அன்று. கடன் கொடுக்கும் பாங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் தம் எஜமானரின் பணத்திற்கு ஈடு போதுமா என்றே பார்க்கிறார். ஆக, ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பாரென்று நம்ப, ஒருவருமே பார்க்காத கட்டடத்தில் குடும்பங்கள் குடியேறுகின்றன.

சட்டமும் வாங்குவோனைத் தூங்கவிடவில்லை. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவை நோக்குக. தனக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையையே விற்பவன் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன். கண்ணுக்குத் தெரியும் விரிசலைக் காணாது விட்டவர் பிறகு கோர்ட்டில் நின்று புலம்பிப் பயனில்லை. பார்ப்பது வாங்குவோன் பொறுப்பு.

பரிசோதனையென்பது கட்டி முடித்து வர்ணம் பூசியபின் ஒரு நாள் சுற்றிவருவதன்று. கட்டட வேலையில் மறைந்துபோகும் பாகங்களே உயிரான பாகங்கள். அஸ்திவாரம் மண்ணுக்குள் மறைகிறது. கம்பி கான்கிரீட்டுக்குள் மறைகிறது. ஆகவே மறையுமுன் பார்க்கவேண்டும். மண்ணின் தாங்கு சக்தி சோதிக்கப்பட்டதா? கான்கிரீட் கொட்டுமுன் கம்பிகளின் கனமும் இடைவெளியும் வரைபடப்படி உள்ளனவா? தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்குமா? கொட்டும்போது 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாக மாதிரி எடுத்து 28-வது நாள் நசுக்கிப் பார்த்தார்களா? ஏழு நாளேனும் நீர் விட்டு ஈரம் காத்தார்களா? அகலமான தளத்தின் முட்டுகளைப் பதினான்கு நாளைக்கு முன்பே பிடுங்கிவிட்டார்களா? இக்கேள்விகளுக்கு வாய்மொழி விடை போதாது. தேதியும் கையெழுத்தும் உள்ள பதிவு வேண்டும். மேஸ்திரியின் அனுபவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அனுபவம் பதிவுக்கு ஈடாகாது.

முடிந்த கட்டடத்தை வாங்குவோரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உத்தரத்தில் சாய்வாக ஓடும் விரிசல், தளத்தின் அடியில் துருக்கறை, சுவரில் ஏறும் ஓதம், புதுப் பூச்சால் மூடிய ஒட்டு இவற்றின் பொருளை எஞ்சினீயர் படித்துச் சொல்வார். சுவரை இடிக்காமலே, சுத்தியல் எதிரடியாலும் ஒலி அலையாலும் கான்கிரீட்டின் தன்மையை மதிப்பிடும் கருவிகள் உண்டு. வீட்டின் விலையோடு ஒப்பிட, அவருக்குக் கொடுக்கும் கூலி சொற்பமே.

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குவோருக்குச் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாளுக்குள் தன் செலவில் கட்டியவனே செப்பனிடவேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டுகிறவன் இச்சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவது பெரும்பாலும் இத்தகைய சிறு கட்டடங்களில்தானே!

சிறு வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி வழங்கும் முறையைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ம் வருஷம் ஜூலையில் தொடங்கினர். மாதக்கணக்கில் ஆபீஸ் வாசலில் காத்திருந்தவர்களுக்கு இது நிவாரணமே; நாம் அதைக் குறைகூறவில்லை. இன்ஸ்பெக்டர் வருகையென்றாலே கைநனைக்கும் செலவென்று ஜனங்கள் அஞ்சுவதும் நாம் அறியாததன்று. ஆயினும், லஞ்சத்தை ஒழிப்பதற்காகப் பரிசோதனையையே ஒழிப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும். பார்க்கிறவரை நீக்கினால் பொறுப்பேற்கிறவரை நிறுத்தவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக் கையெழுத்திட்ட எஞ்சினீயர் யார், என்ன கண்டார் என்பது எவரும் கேட்டுப் பெறக்கூடிய பொதுப் பதிவாக இருக்கவேண்டும். பொய்க் கையெழுத்துக்குத் தண்டனை நிச்சயமாக இருக்கவேண்டும்.

பொதுநலத் தொண்டர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. உங்கள் வார்டில் எழும் கட்டடத்தின் அனுமதி எத்தனை மாடிக்கு, எழுவது எத்தனை என்று கேளுங்கள். நகரசபையில் கேள்வி எழுப்புங்கள். சொந்த வீட்டைக் கனவு காணும் குமாஸ்தாவுக்கும், அதைக் கட்டச் சாரமேறும் கூலிக்காரருக்கும் உயிர் ஒன்றே. மவுலிவாக்கத்தில் மாண்ட 61 பேரும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதவர்கள்; ஆனால் பிறர் யோசியாது இட்ட கையெழுத்துக்கு விலை கொடுத்தவர்கள். அந்த விலையை மறுபடி எவரும் கொடுக்க நாம் இடம் தரலாகாது.