ஒரே நங்கூரத்தில் ஏழு படகுகள்

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், விடுமுறை வந்தால் நண்பர்கள் படகோடு படகைக் கட்டிக் கூடிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அமெரிக்கர்களின் கோடைக்காலம் மூன்று விடுமுறைகளுக்குள் அடங்கிவிடும். மே மாதத்தின் கடைசித் திங்கள் நினைவு தினம், ஜூலை 4 சுதந்திர தினம், செப்டம்பரின் முதல் திங்கள் தொழிலாளர் தினம். இந்த மூன்றையும் ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளில் மேரிலாந்து மாநிலத்தின் படகுத்துறைகளில் பாதி காலியாகக் கிடக்கும். குழந்தை, நாய், ஐஸ் பெட்டி, கிதார் சகிதம் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலையே செசபீக் விரிகுடாவுக்குள் புறப்பட்டிருக்கும்.

அவர்கள் போவது தொலைதூரம் அல்ல. இரண்டு, மூன்று மணி நேர ஓட்டத்தில் காற்று அதிகம் வீசாத ஓர் ஓடை வாய்க்குள் நுழைகிறார்கள். முதலில் வந்த படகு நங்கூரம் போடுகிறது. அடுத்து வரும் நண்பரின் படகு அதன் விலாவில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது மறுபக்கத்தில். சிறிது நேரத்தில் ஆறேழு படகுகள் தோளோடு தோள் சேர்ந்து, நடுத்தண்ணீரில் ஒரு தெருவே உருவாகிவிடும். இதை ராஃப்ட் அப் என்கிறார்கள்.

சென்னையின் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடப்பதையும், படகிலிருந்து படகுக்குத் தாவித் தாவியே மீனவர்கள் கரையேறுவதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே இடநெருக்கடி காரணம். இங்கே சுற்றிலும் தண்ணீர் பரந்து கிடக்கிறது, ஆனாலும் ஒட்டி நிற்கிறார்கள். காரணம் நட்பு மட்டும்தான்.

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கும்மாளமாகத் தெரியும். ஆனால் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடம் பேசினால், கட்டுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும் அவிழ்ப்பதைப் பற்றி நிறையவும் சொல்வார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மாளிகை அவருடையது, தண்ணீர் எல்லோருடையது

செசபீக், பனியுகத்தின் முடிவில் கடல் மட்டம் உயர்ந்தபோது சஸ்குவஹானா ஆற்றின் பள்ளத்தாக்கு மூழ்கி உருவான விரிகுடா. நீளம் சுமார் 320 கிலோமீட்டர். சராசரி ஆழமோ ஆறரை மீட்டர்கூட இல்லை. ஆறுகளும் ஓடைகளுமாக நூற்றைம்பதுக்கு மேல் வந்து கலக்கின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் கிளைகள், கிளைக்குள் கிளைகள். கிளைகளின் கரையையும் சேர்த்து அளந்தால் 18,000 கிலோமீட்டரைத் தாண்டும். பல இடங்களில் அடித்தளம் நல்ல சேறு. நங்கூரம் கவ்விப் பிடிக்க இதைவிடத் தோதான தரை கிடையாது. மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிஸ் பக்கம் கடல் ஏறி இறங்குவதும் ஓரடி அளவுக்குத்தான். ஒதுங்க ஆயிரம் இடம், ஆழம் குறைவு, நீரோட்டம் மந்தம். ராஃப்ட் அப் பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு இவையெல்லாம் காரணம்.

இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. விரிகுடாவின் கரைநிலத்தில் பெரும்பகுதி தனியார் சொத்து. பொதுமக்கள் கால் நனைக்கக்கூடிய கடற்கரைகள் குறைவு. ஆனால் அலையேற்றம் உள்ள நீர்ப்பரப்பு பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய மாளிகையாக இருந்தாலும் அதன் புல்வெளி தண்ணீரைத் தொடும் இடத்தோடு உரிமையாளரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. இருபது வருடப் பழைய பாய்மரப் படகில் வந்த பள்ளி ஆசிரியர், கோடீஸ்வரர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே வாடகையில்லாமல் நங்கூரம் போட்டு இரவு தங்கலாம்.

வை ஆறு இதற்குப் பேர்போனது. 1998 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கிளின்டன், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் மூவரும் ஒப்பந்தம் பேசிய மாளிகை இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. உடன்படிக்கைக்கே வை நதி ஒப்பந்தம் என்று பெயர் வந்தது. அந்த ஆற்றில்தான் கோடை முழுக்கப் படகுக் கூட்டங்கள் கூடுகின்றன. அனாபொலிஸுக்குத் தெற்கே ரோட் ஆறு, வடக்கே மகோத்தி ஆற்றில் டாபின்ஸ் தீவு ஆகியவையும் இப்படிக் கூட்டம் சேரும் இடங்கள். ஜூலை 4 அன்று மட்டும் பலர் செவர்ன் ஆற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். அனாபொலிஸ் நகரம் அன்றிரவு தோணியிலிருந்து விடும் வாணவேடிக்கையைப் படகின் மேல்தளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பெரியவர் நடுவில்

கட்டும் முறைக்கு வருவோம். கூட்டத்திலேயே கனமான படகு முதலில் போய் நங்கூரம் போட வேண்டும். மற்றவர்களின் பாரத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கப்போவது அதுதான். கயிறு எவ்வளவு விடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் ஆழம் மூன்று மீட்டர், தண்ணீருக்கு மேலே படகு முகப்பின் உயரம் ஒரு மீட்டர் என்றால் மொத்தம் நான்கு. அதன் ஏழு மடங்கு, அதாவது 28 மீட்டர் கயிறு. அப்போதுதான் இழுவை கிடைமட்டமாக இருந்து நங்கூரத்தின் கொழு சேற்றுக்குள் புதையும். கயிற்றைக் குறைத்தால் இழுவை மேல்நோக்கிப் போய், நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

நங்கூரம் பிடித்துவிட்டதா என்று இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டிச் சோதித்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அதன்பின் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாறி மாறிக் கட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனால் பாரம் ஒருபக்கமாக இழுத்து மொத்தக் கூட்டமும் கோணிக்கொள்ளும். வருபவர் மோதலைத் தாங்கும் ரப்பர் ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, கயிறுகளையும் தயாராக வைத்துக்கொண்டு மெதுவாக நெருங்க வேண்டும். முன்பக்கம் ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு, குறுக்காக ஸ்பிரிங் என்று இரண்டு. இந்தக் குறுக்குக் கயிறுகள்தான் படகுகள் முன்னும் பின்னும் உராயாமல் தடுப்பவை.

பாய்மரப் படகுகள் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். யாரோ ஒருவர் விசைப்படகில் வேகமாகக் கடந்தால் எழும் அலையில் எல்லாப் படகுகளும் ஆடும். பாய்மரங்கள் ஒரே வரிசையில் நின்றால் உச்சியில் ஒன்றோடொன்று மோதி நொறுங்கும். அதனால் ஒரு படகைச் சற்று முன்னால், அடுத்ததைச் சற்றுப் பின்னால் தள்ளிக் கட்டுகிறார்கள். எந்தச் சூழ்நிலையிலும் இரண்டு படகுகளுக்கு நடுவே கையையோ காலையோ நுழைக்கக் கூடாது. பத்து மீட்டர் பாய்மரப் படகு ஐந்து டன் எடை இருக்கும். அதைத் தள்ளி நிறுத்த மனிதக் காலால் ஆகாது.

கட்டுச்சோறும் நண்டும்

கயிறு வேலை முடிந்ததும் கொண்டாட்டம் தொடங்கும். படகுக்கு ஒரு பதார்த்தம் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பியில் மாட்டிய சின்ன கேஸ் அடுப்பில் ஒருவர் இறைச்சி சுடுவார். இன்னொரு படகில் மக்காச்சோளம் வேகும். மேரிலாந்தில் கோடை விருந்தென்றால் நீல நண்டு இல்லாமல் இருக்காது. ஆவியில் வேகவைத்து, மேலே ஓல்ட் பே மசாலாவைத் தாராளமாகத் தூவி, செய்தித்தாளை விரித்து அதன்மேல் கொட்டி, மரச்சுத்தியலால் உடைத்துச் சாப்பிடுகிறார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்டாவ் புருன் என்ற யூத மசாலா வியாபாரி, 1939-ல் பால்டிமோரில் உருவாக்கிய கலவை அது. செலரி உப்பும் மிளகும் மிளகாயும் சேர்ந்த அந்தக் காரம் இல்லாமல் இந்த ஊர்க்காரர்களுக்கு நண்டு இறங்காது.

ஜூன் வரை எல்லோரும் யோசிக்காமல் தண்ணீரில் குதிப்பார்கள். ஜூலை பாதிக்குமேல் கொஞ்சம் தயங்குவார்கள். பே நெட்டில் என்ற கொட்டும் ஜெல்லி மீன்கள் அப்போதுதான் பெருகும். அட்லான்டிக் கடலோரத்தில் காணும் இனமும் இதுவும் ஒன்று என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். செசபீக்கில் இருப்பது தனி இனம் என்று 2017-ல்தான் அறிவியலாளர்கள் பிரித்தறிந்தார்கள். மிதமான உப்புள்ள நடு விரிகுடாவில் இதன் தொல்லை அதிகம். நன்னீர் கலக்கும் வடகோடிக்குப் போனால் குறைவு. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் உப்பு குறைந்து, அதுவும் பின்வாங்கிவிடும்.

குளிக்கும் தண்ணீரிலேயே கழிவைத் திறந்துவிடுவது அநாகரிகம் மட்டுமல்ல, குற்றமும்கூட. கடற்கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத மலக்கழிவைக் கொட்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். செசபீக் முழுவதும் அதற்குள் அடக்கம். கழிவைப் படகின் தொட்டியிலேயே சேர்த்துவைத்து, துறைக்குத் திரும்பியதும் உறிஞ்சு குழாயில் காலி செய்ய வேண்டும்.

அடுத்தவர் வீட்டு முற்றம்

கோடியில் கட்டிய படகிலிருந்து நடுப்படகுக்குப் போக வேண்டுமென்றால் இடையிலுள்ள படகுகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்படித் தாண்டும்போது முன்தளத்தின் வழியாகப் போவதே மரியாதை. பின்பக்க இருக்கைப் பகுதி அந்தக் குடும்பத்தின் கூடம் மாதிரி, கூப்பிட்டால்தான் கால் வைக்கலாம். தளத்தில் கறை படியவைக்கும் கறுப்பு அடிப்பாகமுள்ள செருப்பு கூடாது. ஜெனரேட்டரை எப்போது நிறுத்துவது, பாட்டை எப்போது குறைப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் கடைசியில் வந்து ஓரத்தில் கட்டிக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்வது இரைச்சலுக்காக மட்டுமல்ல. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நெருக்கிக் கட்டிய படகுகளுக்கு நடுவே அது தேங்கிவிடும். ஒருவர் ஏசி போட்டுத் தூங்குவதற்காக ஓட்டும் ஜெனரேட்டரின் புகை, பக்கத்துப் படகில் ஜன்னல் திறந்து தூங்கும் குழந்தையின் அறைக்குள் போகலாம். பின்பக்கத்து நீச்சல் படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பவருக்கும் இதே ஆபத்துதான். தண்ணீரில் ஒரு தலை தெரிந்தால்கூட இன்ஜின் சாவியைத் தொடக் கூடாது என்பது அடுத்த விதி. அடியில் இருக்கும் புரொப்பெல்லர் யாருடைய கண்ணுக்கும் தெரியாது.

மேற்கே கறுத்தால்

செசபீக்கில் கோடையின் புழுக்கமான பிற்பகல்களை நம்ப முடியாது. மூன்று மணிவரை இலை அசையாது. பிறகு மேற்கிலோ வடமேற்கிலோ வானம் கறுக்கும். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) காற்று சில நிமிடங்களில் 40 நாட் ஆகலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 10 நாட் காற்று 30 நாட் ஆனால் இழுவை மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. அத்தனை படகுகளின் அந்த இழுவையை ஒரே நங்கூரம் தாங்க வேண்டும்.

காற்று திசை மாறினால் இன்னும் சிக்கல். செசபீக்கில் பலரும் வைத்திருப்பது, 1940 வாக்கில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் வடிவமைத்து, இரண்டாம் உலகப் போரில் துருப்புகளைக் கரையிறக்கும் படகுகளில் பயன்பட்ட நங்கூரம். எடை குறைவு, சேற்றில் பிடிப்பு அபாரம். ஆனால் இழுவை நேரெதிர்ப் பக்கமாகத் திரும்பினால் பிடுங்கிக்கொள்ளும், மறுபடி புதைவது நிச்சயமில்லை. பாதுகாப்புக்கு இரண்டு, மூன்று பேர் நங்கூரம் போட்டாலோ, கூட்டம் சுழலும்போது கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அவசரத்தில் யாராலும் பிரிய முடியாது.

2012 ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு, இந்தப் பகுதியே மறக்காத ஒரு புயல் வீசியது. டெரேச்சோ என்று வானிலையாளர்கள் சொல்லும் நீண்ட இடிமழைப் புயல். ஒகையோ பக்கமிருந்து மலைகளைத் தாண்டி ஒரே ஓட்டமாக வந்து, வாஷிங்டன் வட்டாரத்தை மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தாக்கியது. சுதந்திர தின வாரம் தொடங்கும் நேரம் அது. பொழுது சாய்வதற்குள் கூட்டம் கலைய வேண்டும் என்ற பழைய விதிக்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

பல படகுச் சங்கங்கள் இந்த விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. பகலில் சேர்ந்திருக்கலாம். இரவு அவரவர் நங்கூரம், அவரவர் தூரம், உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு. சாயங்காலம் கடைசியில் வந்தவர் முதலில் அவிழ்த்துக்கொண்டு போவார். காலையில் காபிக்கு மறுபடி சின்னப் படகில் துடுப்புப் போட்டு வருவார். இதில் மனவருத்தத்துக்கு இடமே இல்லை. யார் எந்த வரிசையில் பிரிவது, எந்தக் கயிற்றை முதலில் விடுவது என்று விருந்துக்கு முன்பே பேசிவைத்தவர்களின் கூட்டம்தான் நல்ல கூட்டம். ஐந்து நிமிடத்தில் பிரிய முடியாத கூட்டத்தில் சேராமல் இருப்பதே மேல்.

அழைப்பு வந்தால்

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023-ல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் உயிர்காப்புச் சட்டை அணியவில்லை. உயிர்ப்பலி விபத்துகளில் தெரிந்த காரணங்களில் முதலிடம் மதுவுக்கு. அதனால்தான் 2009 முதல் ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 4-ஐ ஒட்டி ‘ஆபரேஷன் டிரை வாட்டர்’ என்ற பெயரில் நாடு முழுக்கச் சோதனை நடக்கிறது. ரத்தத்தில் மது 0.08 சதவீதம் இருந்தால் கார் ஓட்டியவருக்கு உள்ளதுபோலவே படகு ஓட்டியவருக்கும் தண்டனை உண்டு.

மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் போகும் பெற்றோரும் அதிகம். அலுவலக நண்பர் படகுக்கு அழைத்தால் தாராளமாகப் போய்வாருங்கள். கையில் ஒரு பாத்திரம் புளியோதரை இருந்தால் ஏழு படகிலும் நண்பர்கள் கிடைப்பார்கள். ஏறியதும் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். என் உயிர்காப்புச் சட்டை எங்கே? இன்று ஓட்டப்போகிறவர் குடிக்காமல் இருப்பாரா? இருட்டுவதற்குள் கட்டு அவிழ்ப்பீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நண்டுத் தட்டின் முன்னால் உட்காருங்கள். வராவிட்டால் கரையிலேயே இருந்து வாணவேடிக்கை பாருங்கள். அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.