மழை ஓய்ந்த பின்னும் காருக்குள் தங்கும் ஈரம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில நாள்களில், காரின் கதவைத் திறந்தவுடன் நனைந்த சாக்கின் வாடை வீசுவதை நாவலூர், தாழம்பூர், செம்மஞ்சேரிப் பகுதிகளில் வாழ்வோர் பலரும் அறிவர். வீட்டில் அனைவரும் நலமாயிருந்தால் அது ஒரு சிறு தொல்லை மட்டுமே. அதே காரில் கீமோதெரபி பெறுபவரோ, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ, ஆஸ்துமா உள்ள குழந்தையோ மருத்துவமனைக்கு வந்துசெல்வதாயின், அந்த வாடையைப் புறக்கணித்தல் கூடாது. அது பூஞ்சையின் அடையாளம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து சென்றன. அவ்வாறு மூழ்கிய வண்டிகளை எவரும் கவனிக்காமல் விடுவதில்லை. வெள்ளமே புகாத கார்களில்தான் ஈரம் சத்தமின்றித் தங்கிவிடுகிறது. கதவு ரப்பர் பீடிங் தளர்ந்திருக்கலாம். முன்கண்ணாடியின் அடியில் உள்ள வடிகாலில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கலாம். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் மெல்லிய வடிகுழாய் அடைபட்டிருக்கலாம்.

மழையே இல்லாத மே மாதத்திலும் ஈரம் சேர்வதுண்டு. ஏ.சி. ஓடும்போது காற்றிலுள்ள ஈரப்பதம் நீராக மாறி, ஒரு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டவேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் அவ்வாறு சொட்டுவதே நல்ல அறிகுறி. நெடுநேரம் ஏ.சி. ஓடியும் தரை உலர்ந்திருந்தால் குழாய் அடைபட்டிருக்கக்கூடும்; அந்த நீர் முன்னிருக்கையின் கால்விரிப்புக்கு அடியில் தேங்கும். மேல்விரிப்பைத் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓரத்தைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சுப் பகுதியில் செய்தித்தாளை அழுத்திப் பாருங்கள்.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால், பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. வெயிலுள்ள நாளில் நான்கு கதவுகளையும் திறந்து, விரிப்பை வெளியே எடுத்துக் காயவைக்கலாம். மழைநாளில் கண்ணாடிகளைத் திறந்துவைத்தால் வெளி ஈரமும் உள்ளே வரும், அப்போது ஏ.சி.யை ஓடவிடுவதே பயன் தரும். வாசனைத் திரவியம் வாடையை மறைக்குமேயன்றிப் பூஞ்சையை நீக்காது; நோயாளிக்கு அதனால் குமட்டலும் இருமலும் மிகலாம்.

பூஞ்சை பிடித்துவிட்டால், பிளாஸ்டிக், தோல் பகுதிகளைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தினால் போதும். ஊறிப்போன பஞ்சை மாற்றிவிடுவதே நல்லது, ஏ.சி. காற்று வடிகட்டியையும் மாற்றவேண்டும். துடைப்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணியட்டும். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு எழும். அதை ஒருபோதும் செய்யலாகாது. வெள்ளநீர் புகுந்த வண்டியெனில் கழிவுநீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. அதைப் பணிமனையிடமே விடுங்கள். அங்கு சேரும் வரை இன்ஜினை இயக்கவும் வேண்டாம். இப்பணிகள் எதிலும் நோயாளி பங்கேற்கலாகாது. அருகில் நிற்கவும் கூடாது.

2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது கேள்விப்பட்ட ‘கருப்புப் பூஞ்சை’ இதுதானா என்று சிலர் அஞ்சுகின்றனர். நிறத்தைக் கண்டு பூஞ்சையின் வகையைக் கூறவியலாது. நலமாயிருப்போருக்குப் பெரும்பாலும் தும்மல், மூக்கடைப்பு, கண் எரிச்சலோடு நின்றுவிடும். ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சிரைப்பு கூடும். வெள்ளணுக்கள் மிகக் குறைந்தோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கோ, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நுரையீரலில் தொற்றாகவே வேரூன்றக்கூடும். ஆகவே வண்டி முழுதும் உலரும் வரை அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். வந்து நிற்கும் வாடகைக் காரில் அதே வாடை வீசினால், தயங்காமல் வேறு வண்டி கேளுங்கள். ஓட்டுநர் வருந்துவாரே என்று எண்ணி நோயாளியை ஏற்றிவிட வேண்டாம்.

கீமோதெரபி பெறுபவருக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், காரணம் எதுவாயினும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். வண்டியில் பூஞ்சை இருந்தது எனில் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.