காடி வாங்கப் போகிறீர்களா? சற்றே நில்லுங்கள்!



சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "சார், காடி ஒன்று எடுக்கலாமென்று இருக்கிறேன். அக்சியாவா, சாகாவா, மைவியா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் மூன்று நாள் பட்டணத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மோட்டார் சைக்கிளில் உட்கார அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. எத்தனை நாளைக்குத்தான் அண்டை வீட்டாரைக் கெஞ்சுவது? மகள் வேறு ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். அவருக்குக் காடி ஆடம்பரமன்று, அவசியம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் என் கதையைக் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு, சிவப்புச் சாயத்தின் பளபளப்பைக் கண்டு மயங்கிப் பழைய காடி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் மாதமே நடுச்சாலையில் ஆவி கக்கி நின்றுவிட்டது. ரேடியேட்டர் நீர் ஒழுகி, எஞ்சின் சூடேறி, சிலிண்டர் தலைப்பகுதி வளைந்துபோயிற்று. வாங்குமுன் மெக்கானிக்கிடம் காட்டவில்லை; வாங்கிய பின்பும் ஒருநாள்கூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை. குற்றம் என்னுடையதுதான். ஆழமறியாமல் காலை விட்டவனின் அனுபவம் இது!

நம்பகம்

2014-இல் வந்த அக்சியாவுக்கு மூன்று சிலிண்டர் கொண்ட 998 சிசி எஞ்சின். 2016-இல் வெளிவந்த சாகாவுக்கு 1,332 சிசி. 2017-இல் வந்த மைவியில் பெரிய எஞ்சின் 1,496 சிசி. அக்சியா, மைவி எஞ்சின்களுக்குள் ஓடுவது இரும்புச் சங்கிலி. அந்தச் சாகாவில் ஓடுவது வார்ப்பட்டை. கையேடு குறிக்கும் தூரத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். அது அறுந்தால் செலவு பெரிது. பழைய சாகா வாங்குகிறவர்கள், "பட்டை மாற்றியாயிற்றா? பற்றுச்சீட்டு எங்கே?" என்று தயங்காமல் கேளுங்கள். மூன்றும் நம் நாட்டுக் காடிகளே. ஆதலால் உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. சிறு பட்டணத்துப் பட்டறையிலும் பழுது பார்த்துவிடலாம்.

புழக்கம்

பெருநாளுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்குச் சாகா ஏற்றது. அதன் பின்பெட்டி 420 லிட்டர் கொள்ளும். அரிசி மூட்டையும் துணிப்பெட்டிகளும் தாராளமாக அடங்கும். மைவியில் 277 லிட்டர், அக்சியாவில் 260 லிட்டர்தான். ஆனால், அவ்விரண்டிலும் பின்னிருக்கையை மடித்துவிட்டால் உயரமான சாமான்களும் ஏறும். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு இருக்கையின் உயரமும் முக்கியம். பெரியவர்களையும் உடன் அழைத்துப் போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

சாலை வரியையும் மறவாதீர்கள். தீபகற்பத்தில் ஆண்டுக்கு அக்சியாவுக்கு 20 வெள்ளி, சாகாவுக்கு 70, பெரிய எஞ்சின் மைவிக்கு 90.

ஓட்டும் இன்பம்

ஏழைக்கு இன்பம் எதற்கு என்பீர்களா? நாள் முழுதும் வெயிலில் குலை வெட்டியவர் களைப்பின்றி ஓட்டுவதும் ஒரு பாதுகாப்புதானே! வளைவுகளில் நிதானமாக நின்று, மேடுபள்ளத்தில் அதிகம் குலுக்காமல் போவது சாகாவின் சிறப்பு. மிதித்தவுடன் பாய்வது பெரிய எஞ்சின் மைவி. லாரியைத் தாண்டும்போது அதன் அருமை தெரியும். அக்சியாவோ இலேசானது. சந்தை நெரிசலில் வளைத்து நிறுத்தச் சுகம். ஆனால், ஐந்து பேரோடு மேடேறினால் மூச்சு வாங்கும்; அவசரப்பட்டு எதையும் முந்தக் கூடாது.

கணக்கு

இனித்தான் முக்கியமான செய்தி. எடுத்துக்காட்டாக, மாதத் தவணை 650 வெள்ளி, ஒன்பது ஆண்டு என்று வையுங்கள். 108 மாதத்தில் 70,200 வெள்ளி! நண்பரின் மகளுக்கு இப்போது 17 வயது. தவணை முடியும்போது அவளுக்கு 26. அவளுடைய மேற்படிப்புக் காலமெல்லாம் அந்தத் தவணைக்குள் போய்விடும். நல்ல நிலையிலுள்ள பழைய காடிக்கு மாதம் 350 வெள்ளி, ஐந்தாண்டு என்றால் 21,000 வெள்ளிதான். கையில் கொடுக்கும் முன்பணம் வேறு. மிச்சமாகும் பணத்தில் டயருக்கும், எண்ணெய்க்கும், காப்புறுதிக்கும் மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கலாம்.

பழைய காடி வாங்குவோர் செய்ய வேண்டியவை: விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்க் கிளப்பிப் பாருங்கள். மழை நாளில் கால்மிதியைத் தூக்கி ஈரம், துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நான்கு டயர்களும் ஒரே சீராகத் தேய்ந்துள்ளனவா என்று கவனியுங்கள். விற்பவருக்கு வேண்டியவரல்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்தேனும் காட்டுங்கள். அந்தக் கூலி வீண்போகாது.

நண்பர் என்ன செய்தார் என்கிறீர்களா? மைவியின்மேல்தான் அவருக்கு ஆசை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு, கையால் கியர் மாற்றும் பழைய அக்சியா ஒன்றை எடுத்தார். முன்னிருக்கையில் தாயாரை அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் அவர் புறப்படும்போது நானும் பார்க்கிறேன். "மேட்டில் லாரிக்குப் பின்னாலேயே ஊர்கிறேன், சார். அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கிறது" என்று சிரிக்கிறார்.

வாசகர்களே, அடுத்த வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துக் காடி எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் ஏறப் போகிறார்கள், எங்கே போகப் போகிறார்கள், மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? இந்த மூன்றையும் குடும்பத்தோடு அமர்ந்து பேசிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.