மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

திருச்சியில் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைந்துள்ளது. 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 25 ஏக்கர்; வனத்துறை பராமரிக்கிறது.

வருவோர் கண் பூக்களின் மேல்தான் போகும். உண்மையில் இங்கே இலைகளே முக்கியம். ஒவ்வொரு இனமும் தன் புழு தின்னக்கூடிய செடியைத் தேடித்தான் முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு, சிவப்புடல் அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. கறிவேப்பிலை அழகியின் இளம்புழு, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே கிடந்து எதிரிகளை ஏமாற்றும். நான்கு முறை தோலுரித்த பிறகே பச்சை நிறம் பெறும். என்ன அருமையான தற்காப்பு!

வெயிலில் சிறகைச் சூடேற்றிக்கொண்ட பிறகே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. எனவே, வெயில் ஏறிய முற்பகலே பூங்காவுக்குச் செல்ல ஏற்ற நேரம்.